ஜோடி சேர்க்கும் கை

செருப்பு விடுகிற இடத்தைத் தாண்டி அவரை மண்டபத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் முதல் வேலையாக இருந்தது. கேமரா பை, லைட் ஸ்டாண்டு, பேட்டரி எல்லாம் அதற்கு அப்புறம். நான் கொஞ்சம் அசந்தால் போதும், குனிந்துவிடுவார். கல்யாணத்துக்கு வந்த ஊர்ப்பட்ட பேரின் செருப்பும் அங்கே தாறுமாறாகக் கிடக்கும். அதில் எந்த இடதுக்கு எந்த வலது என்று பொறுக்கி எடுத்து, மூக்கும் மூக்கும் ஒட்டினாற்போல அடுக்க ஆரம்பிப்பார். உள்ளே பெண்ணுக்கு நலங்கு நடக்கும். படம் எடுக்க வேண்டியவர் வாசலில் உட்கார்ந்திருப்பார்.

வாணியம்பாடியில் ஒரு மண்டபத்து வாட்ச்மேன் இவரைப் பிடித்தே விட்டான்.

"ஏம்பா, அப்போல இருந்து பாக்கறேன். செருப்புமேலயே கண்ணா இருக்கறியே, இன்னா விஷயம்?"

"நான் போட்டோகிராபருங்க."

"போட்டோகிராபருக்குச் செருப்பாண்ட இன்னா வேலை?"

"பாருங்க, இதோட லெப்டு அங்க கெடக்குது, ரைட்டு இங்க கெடக்குது," என்றார். அதைச் சொன்னாலே போதும், எல்லாம் விளங்கிவிடும் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. வாட்ச்மேனுக்கு விளங்கவில்லை. நான் ஓடிப்போய் விசிட்டிங் கார்டைக் காட்டி மீட்டுக்கொண்டு வந்தேன். உள்ளே வரும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"டிப்ளமா, அந்த மெரூன் கலர் லேடீஸ் செருப்புக்கு ஜோடி கெடைக்கவே இல்லடா."

என் பெயர் அவர் வாயில் வந்ததே கிடையாது. சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, வேலை எதுவும் அமையாமல், ஆம்பூரில் அவருடைய ஸ்டுடியோவில் சேர்ந்தேன். அன்றிலிருந்து நான் டிப்ளமா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை முதலில் மிதித்தவன் நான் என்பதால் அப்படிக் கூப்பிடுவது ஆரம்பத்தில் பெருமையாகக்கூட இருந்தது. "டிப்ளமா, ரெண்டு டீ" என்று கேட்டுக் கேட்டு அந்தப் பெருமை கரைந்துபோனது. நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். இப்போது வேலூரில் ஒரு கட்டட காண்ட்ராக்டரிடம் இருக்கிறேன். அவர் ஸ்டுடியோவை மூடிவிட்டு மகள் வீட்டோடு ஓசூர் போய்விட்டார். அவரை நினைத்தால் முதலில் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மற்றதெல்லாம் மெதுவாக, அதன் பின்னால் வருகிறது.

ஸ்டுடியோ வைப்பதற்கு முன் அவர் ஒரு ஷூ கம்பெனியில் ஜோடி சேர்க்கிற டேபிளில் இருந்தவர். தைத்து வருகிற மேல்தோல்களை இடதும் வலதுமாக ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை. ஒரே மாட்டின் தோல்தான் என்றாலும் கழுத்துப் பக்கம் ஒரு மாதிரி இருக்கும், வயிற்றுப் பக்கம் ஒரு மாதிரி இருக்கும். நிறம் கொஞ்சம் ஏறும், இறங்கும். சுருக்கம் ஒன்றில் கூட இருக்கும். டியூப் லைட்டுக்குக் கீழே இரண்டையும் சேர்த்துப் பிடித்து, ஒத்துப்போனால் ரப்பர் பேண்டு போட்டுத் தள்ள வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வேறு துணை தேட வேண்டும். வயதில் பாதியை அதில் கழித்திருக்கிறார். கம்பெனியை விட்டு வந்த பிறகும் அந்த டேபிளிலேயே உட்கார்ந்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஒண்ணு இன்னொண்ணப் பாத்து வெக்கப்படக் கூடாது டிப்ளமா." டீ கிளாசுக்கும் இதுதான், ஜன்னல் திரைக்கும் இதுதான், என் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தால் அதற்கும் இதுதான்.

ஆம்பூரில் இருந்துகொண்டு பிரியாணியை நிம்மதியாகச் சாப்பிட முடியாத ஆள் அவர் ஒருவராகத்தான் இருக்கும். முழு பிளேட் சொல்ல மாட்டார், இரண்டு அரை பிளேட் வாங்குவார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதிலிருந்து ஒரு துண்டை அதற்கும், அதிலிருந்து ஒரு துண்டை இதற்கும் மாற்றி வைப்பார். கத்திரிக்காய்க்கும் அப்படியே. சமமாகிவிட்டது என்று திருப்தி வந்த பிறகு இரண்டு பிளேட்டையும் அவரே சாப்பிடுவார். எதிரில் பசியோடு உட்கார்ந்திருந்தால் தெரியும் அந்தக் கொடுமை.

அவர் வீட்டில் அண்ணி ஒரு நாள் சொன்னார்: "கல்யாணமான புதுசுல என் மூஞ்சியவே உத்து உத்துப் பாத்துக்கினு இருந்தாரு. நான் இன்னாவோ ஆசையாப் பாக்கறாருன்னு நெனச்சிக்கினேன். ஒரு வாரம் கழிச்சி சொல்றாரு, ஒரு பக்கத்துக் கம்மல் கொஞ்சம் கீழ எறங்கி இருக்குதாம்."

"இருந்துச்சே," என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

தொழிலில் இதனால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பேரணாம்பட்டில் ஒரு குடும்பப் படம். மாப்பிள்ளை பக்கம் ஒரு ஆள் அதிகம். இவர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, "அந்த ஓரத்துல இருக்கற அண்ணன் கொஞ்சம் வெளிய வாங்க," என்றார். ஓரத்தில் நின்றவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. கல்யாணச் செலவில் பெரும்பங்கை ஏற்றுக்கொண்டவர் அவர்தான் என்பது சண்டை வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. "பொண்ணு பக்கம் ஒருத்தரக் கூட்டிக்கலாமே அண்ணா," என்று நான் அவர் காதில் சொன்னேன். சமையல் ஆளைக் கூப்பிட்டு நிற்க வைத்துவிட்டார். அந்த ஆல்பத்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மனிதர் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரிப்பார்.

இன்னொரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம். வீடியோ என் கையில், போட்டோ அவர் கையில். கெட்டிமேளம் கேட்டது. அவர் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுவிட்டு நேராக மேடைமேல் ஏறிப்போனார். பெண்ணின் மாலை ஒரு பக்கம் இறங்கியிருந்ததாம். அதைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினார். தாலி கட்டி முடிந்திருந்தது. என் வீடியோவில் அந்த நேரம் முழுக்க அவருடைய முதுகுதான். பெண்ணின் அப்பா அதைப் பார்த்துவிட்டு எங்களைத் திட்டவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இப்படிப்பட்டவர் கையில் இரண்டு விளக்கு வைத்த கேமரா கிடைத்தால் என்ன ஆகும்?

கல்யாணத்துக்கு முன்னாலேயே ஜோடியை வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுக்கிற பழக்கம் எங்கள் பக்கமும் வந்து, ஏலகிரியும் வேலூர்க் கோட்டையும் அலுத்துப்போயிருந்த சமயம் அது. சென்னையில் யாரோ ஒரு ஜோடியைத் தண்ணீருக்குள் இறக்கி எடுத்த படத்தை அவர் போனில் பார்த்துவிட்டார். பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் போய் ஒரு செட் வாங்கி வந்தார். கையடக்கமான சின்ன கேமரா. அதைத் தண்ணீர் புகாமல் மூடுகிற பிளாஸ்டிக் கூடு. கூட்டைத் திருகி நிறுத்த அடியில் ஒரு தட்டு. தட்டின் இரண்டு பக்கமும் கைப்பிடி, கைப்பிடியிலிருந்து முழங்கை மாதிரி மடங்கி நிமிர்கிற கம்பிகள், கம்பிகளின் நுனியில் பக்கத்துக்கு ஒன்றாக ஸ்ட்ரோப் என்கிற ஃப்ளாஷ் விளக்கு.

இங்கிலீஷில் இருந்த கையேட்டை நான் படித்துச் சொன்னேன். கேமராவின் சின்ன ஃப்ளாஷ் மின்னினால், அந்த வெளிச்சம் ஒரு கண்ணாடி ஒயர் வழியாக இரண்டு ஸ்ட்ரோப்புக்கும் போகும், அவையும் கூடவே மின்னும். விளக்கு லென்சுக்குப் பக்கத்திலேயே இருந்தால் தண்ணீரில் மிதக்கிற தூசியெல்லாம் வெளிச்சம் பட்டுப் படம் முழுக்கப் பொரி தூவினமாதிரி ஆகிவிடும். அதனால் கம்பிகளை அகலமாக விரித்து, விளக்கை லென்சுக்குக் கொஞ்சம் பின்னால் வைக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஒரு மணி நேர வேலை.

அவர் அதை ஒரு வாரம் செய்தார்.

சாப்பாட்டு மேஜைமேல் விரித்து வைத்து, லென்சின் நடுவிலிருந்து இடது விளக்குக்கு ஒரு நூல் பிடித்தார். அதே நூலை வலது பக்கம் கொண்டுபோனார். அண்ணியின் தையல் டேப்பை வைத்து மேஜையிலிருந்து உயரம் பார்த்தார். கம்பிகள் சேருகிற இடத்தில் ஒரு உருண்டை, அதைக் கவ்விப் பிடிக்க ஒரு கிளாம்பு. கிளாம்பை இறுக்கும்போது உருண்டை ஒரு நூலளவு நகரும். இடது நகர்ந்ததே என்று வலதை நகர்த்துவார். வலதை இறுக்கும்போது அது வேறு அளவுக்கு நகரும். மறுபடி இடது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பல் கூசியது. கண்ணாடி ஒயர் இரண்டும் ஒரே நீளம் இல்லை என்று கண்டுபிடித்ததும் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. வேலைக்கு இரண்டும் ஒன்றுதான் என்று எவ்வளவோ சொன்னேன். புதிதாக ஒன்று வரவழைத்தார்.

"அண்ணா, ரெண்டு கையும் ஒரே மாதிரி இருக்கணும்னு இதுல எங்கயும் போடல. எடுக்கற பொருளுக்குத் தகுந்த மாதிரி மாத்தி மாத்தி வெக்கத்தான் கையே மடங்குது."

"மடங்குது இல்ல? அப்போ சரியா ஜோடி வெக்கலாம் இல்ல?"

நான் கையேட்டை மூடி வைத்தேன்.

கடைசியில் அவர் திருப்திக்கு நின்றது. இரண்டு பக்கமும் அப்படியே கண்ணாடியில் பார்த்த மாதிரி. அதை மடிக்காமல், விரித்தபடியே பீரோவில் வைத்து ஒரு துண்டால் மூடினார். பீரோவின் அந்த அடுக்கில் இருந்த அண்ணியின் புடவைகள் எல்லாம் மூட்டையாகி மேலே போயின. ஆனால் தண்ணீரில் இறங்க ஜோடி கிடைக்கவில்லை. விசாரிக்க வந்தது ஒரே ஒரு குடும்பம். பெண்ணின் அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாலி ஏறறதுக்கு முன்னாடியே எம்பொண்ணக் கெணத்துல தள்ளணுமா?" என்று கேட்டு எழுந்து போனார்.

செட் முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கியது எங்கள் அப்பாவுக்காக.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. திமிரிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஏரி வழிந்து, வெள்ளம் நிலத்துக் கிணறு ஒன்றில் இறங்கி, அடியில் சேறு கட்டிவிட்டது. மோட்டார் சேற்றை இழுத்து நின்றுபோனது. நிலத்துக்கார அம்மா தண்ணீரை இறைத்துத் தூர் வார ஆள் பேசினார். பேசின ஆள் என் அப்பா. கிணறு வெட்டுவதும் தூர் வாருவதும்தான் அவர் தொழில். கூட இரண்டு பேர் வருவார்கள்.

முன்கூட்டி ஒரு நாள் போய் முங்கிப் பார்த்துவிட்டு வந்த அப்பா, தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"கெழக்குப் பக்கத்துக் கல்லு வெளிய தள்ளி இருக்குதுடா. கையில தட்டுது. மண்ணு ஊறிப் போய்ப் பின்னால இருந்து தள்ளிக்கினு இருக்குது. இப்போ தண்ணிதான் செவுர முட்டுக் குடுத்துப் பிடிச்சிருக்குது. எறைச்சிட்டா பிடிக்க ஆள் இல்ல. நாங்க அடியில நின்னு சேறு அள்ளிக்கினு இருப்போம்."

நான் படித்ததிலும் அதுதான் இருந்தது. நிலத்துக்கார அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏற்கவில்லை. அவர் மாமனார் காலத்துக் கட்டு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறார், ஒரு கல் அசைந்ததில்லை. "உங்கப்பனுக்கு வேலை செய்ய ஒடம்பு வணங்கல, அதான் இல்லாதது சொல்றான்," என்றார். பெங்களூரில் இருக்கிற அவர் மகன் மட்டும் போனில், "சுவர் எப்படி இருக்கு, படம் ஏதாவது எடுக்க முடியுமா?" என்று கேட்டார். அப்பா வேலையை விட்டுவிடலாம். இந்த வேலையே வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். "நாம போவலன்னா வேற ஆளக் கூட்டிக்கினு வருவாங்க. அவனுக்கும் புள்ள குட்டி இருக்கும்," என்றார்.

அண்ணாவிடம் கேட்டேன். கேட்டு முடிக்கும் முன்பே பீரோவைத் திறந்துவிட்டார்.

ஆம்பூரிலிருந்து திமிரி வரைக்கும் என் பைக்கில் போனோம். கம்பிகளை மடிக்க விடவில்லை. மடித்தால் அளவு போய்விடுமாம். மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு ஸ்ட்ரோப்பும் எனக்கு இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. வேலூரில் ஆட்டோக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். சிக்னலில் ஒருவர், "இது ட்ரோனா சார், பறக்குமா?" என்று கேட்டார். "பாத்து ஓட்டு டிப்ளமா, லெப்ட்ல பஸ்ஸு," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். உயிருக்குப் பயந்து அல்ல, இடது விளக்குக்குப் பயந்து.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டீசல் இன்ஜினைக் கிணற்றோரம் இறக்கி, குழாயைத் தண்ணீரில் விட்டு எல்லாம் தயாராக இருந்தது. நிலத்துக்கார அம்மா குடை பிடித்து நின்றிருந்தார். இன்ஜின்காரர், "இன்னா, ஸ்டார்ட் பண்ணலாமா?" என்று எங்களைப் பார்த்ததும் கேட்டார். பிறகு நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் சின்ன வயதிலேயே கிணற்றில் நீந்திப் பழகினவன். இடுப்பில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை அப்பா பிடித்துக்கொண்டார். கூட்டை மூடுகிற ரப்பர் வளையத்தில் முடியோ மண்ணோ இல்லை என்று பார்த்து மூடினேன். நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கினேன். பச்சைத் தண்ணீர். கிழக்குச் சுவருக்குக் கை எட்டும் தூரத்தில் நின்று மூச்சு இருக்கும்வரை எடுத்தேன். கையால் தடவியும் பார்த்தேன். அப்பா சொன்னது சரி, கல் துருத்திக்கொண்டிருந்தது.

மேலே வந்து படத்தைப் பார்த்தால், சுவர் அவ்வளவு அழகாக இருக்கிறது. ஒவ்வொரு கல்லும் பளிச்சென்று, ஒரே வெளிச்சத்தில், தாளில் அச்சடித்தது மாதிரி. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

"பாத்தியா?" என்றார் அண்ணா. முகமெல்லாம் சிரிப்பு. "லெப்டுக்கும் ரைட்டுக்கும் ஒரு பொட்டு வித்தியாசம் சொல்லு பாக்கலாம்."

நிலத்துக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "நான்தான் சொன்னேனே. மாமா கட்டின செவுரு எப்டி நிக்குது பாருங்க." கேமராத் திரையைத் தன் போனில் படம் பிடித்து மகனுக்கு அனுப்பியும் விட்டார்.

அப்பா படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் தொட்டது இது இல்லியே," என்றார்.

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. துருத்தின கல்லுக்கு இடது விளக்கு ஒரு நிழல் போட்டால் அதை வலது விளக்கு அழித்துவிடுகிறது. வலது போட்டால் இடது அழிக்கிறது. இரண்டும் ஒரே அளவு, ஒரே தூரம், ஒரே சாய்வு. அப்புறம் நிழல் எங்கிருந்து வரும்? நிழல் இல்லாமல் மேடு எப்படித் தெரியும்? வலது விளக்கை அணைத்துவிட்டு, இடது கம்பியைக் கேமராவுக்கு மேலே தூக்கி, வெளிச்சம் சுவரை ஒட்டி விழுகிற மாதிரி கீழ்நோக்கிச் சாய்த்தேன். அண்ணாவிடமும் விளக்கமாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். நன்றாகவே ஆட்டினார்.

கலங்கின தண்ணீர் தெளியட்டும் என்று காத்திருந்தோம். கண்ணாடியைத் துடைக்க நான் அந்தப் பக்கம் திரும்பியது கொஞ்ச நேரம்தான். கேமராவை வாங்கிக்கொண்டு முங்கினேன். மூச்சு தீர்வதற்குள் எடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் கம்பிகளைக் கவனிக்கவில்லை. மேலே வந்து பார்த்தால் மறுபடியும் அதே அச்சடித்த சுவர். இரண்டு விளக்கும் எரிந்திருக்கிறது. கம்பி இரண்டும் பழையபடி விரிந்து நிற்கிறது.

"அண்ணா, இதத் தொட்டீங்களா?"

"ஒண்ணு மேல ஒண்ணு கீழ தொங்கிக்கினு இருந்துச்சி. லூசாயிடுச்சோன்னு..."

"நான்தான் வெச்சேன். இப்போதான் சொன்னேன்."

"சொன்னே. சொன்னே," என்றார். குரல் இறங்கிவிட்டது.

அதற்குள் பெங்களூரிலிருந்து போன் வந்துவிட்டது. படம் பார்த்தேன், சுவர் நன்றாகத்தானே இருக்கிறது, ஆரம்பியுங்கள் என்று. இன்ஜின்காரர் இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற கைப்பிடியை எடுத்து மாட்டினார். அப்பா கயிற்றைச் சுருட்டாமல் நின்றுகொண்டே இருந்தார். எனக்கு வந்த கோபத்தில் எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

"அது எங்கப்பா எறங்கப் போற கெணறுணா. நீங்க ஜோடி சேக்கறதுக்கு அது ஒண்ணும் ஷூ இல்ல."

அவர் எழுந்து போய் வரப்புக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். விரல்கள் மட்டும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன.

ஒரு தரம் மட்டும் என்று இன்ஜின்காரரிடம் கெஞ்சிவிட்டு, கம்பியையும் விளக்கையும் மறுபடி மாற்றி வைத்து, தண்ணீர் தெளிந்ததும் இறங்கினேன். இந்த முறை படத்தில் கிணறு தெரிந்தது. மூன்று வரிசைக் கல் வயிறு மாதிரி முன்னால் வந்திருந்தது. அதற்குக் கீழே கறுப்பாகத் தடித்த நிழல். இரண்டு கல்லுக்கு நடுவில் இடுக்கு விட்டு, அதிலிருந்து ஈர மண் பிதுங்கிக்கொண்டிருந்தது. அப்பா விரலை வைத்து, "இங்கதான்," என்றார்.

நிலத்துக்கார அம்மா பார்த்தார். முகம் சுருங்கியது, பயத்தால் அல்ல. "ஒரே செவுரு எப்டிப்பா ரெண்டு மாதிரி இருக்கும்? மொதப் படம் பட்டப்பகலாட்டம் இருக்குது. இத நீங்க வேணும்னே இருட்டா எடுத்துக்கினு வந்திருக்கீங்க." மகனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். நான் இங்கிலீஷும் தமிழுமாக எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "தம்பி, நீங்க தூர் வாரறவரோட பையன்தானே?" என்றார். அதற்குமேல் நான் எதைச் சொன்னாலும் எடுபடாது என்று தெரிந்தது. இன்ஜின்காரர் என்னைப் பார்க்கவே இல்லை, அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணா வரப்பைத் தாண்டி வந்தது அப்போதுதான். போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"சார், நான் போட்டோகிராபர் பேசறேன். கேமரா என்னோடது."

"சொல்லுங்க. முதல் படம் நீங்க செட் பண்ணினதா? நல்லா இருக்கே?"

"நல்லா இருக்குது சார். அதான் தப்பு."

போனுக்கு இன்னும் கிட்டே போனார்.

"ரெண்டு லைட்டையும் சமமா வெச்சிட்டேன் சார். கல்லு எவ்ளோ தள்ளி இருந்தாலும் அந்த வெளிச்சத்துல தட்டையாத்தான் தெரியும். இந்தப் பையன் மாத்தி வெச்சான். நான் போய்க் கலைச்சிட்டேன். ரெண்டாவது தடவையும் என்னாலதான் பாழாச்சி. எனக்கு ஒண்ணு ஒசரமா ஒண்ணு தாழ்ந்து இருந்தா பாக்க முடியாது, அது என் வியாதி. அதுக்காக அடியில மூணு பேர எறக்க முடியாது. என் படத்த நம்பாதீங்க. அம்மா, அத உங்க போன்ல இருந்து எடுத்துடுங்க."

மாலை சரிந்ததற்காகத் தாலியையே கோட்டை விட்ட மனிதர்தான் இதைப் பேசினார். தன் படம் கெட்டுப்போனதாக அவர் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. கெட்டுப்போன படங்கள் ஏராளம், சொன்னதுதான் இல்லை.

மகன் போனில், "இறைக்க வேண்டாம்மா," என்றார். "மத்த பக்கமும் இதே மாதிரி எடுத்து அனுப்பச் சொல்லு. இன்ஜினியர் ஒருத்தர்கிட்ட காட்டறேன். அதுவரைக்கும் யாரையும் இறக்காதே."

அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே குடையை மடக்கினார். இன்ஜின்காரர் கைப்பிடியைக் கழற்றினார். அப்பா கைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்தார். வந்ததிலிருந்து அவர் உட்கார்ந்தது அப்போதுதான். எனக்கு அண்ணாவிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஈரக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே அப்பாவிடம் வடக்குப் பக்கம் எப்படி இறங்குவது என்று பேசிக்கொண்டிருந்தேன். அண்ணாவும் எதையோ பார்த்துக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இறங்கலாம் என்று கேமராவை எடுத்தேன்.

கம்பிகள் இரண்டும் விரிந்து நின்றன. ஒரே உயரம், ஒரே சாய்வு.

நான் அவரைப் பார்த்தேன். அவர் கம்பிகளைப் பார்த்தார், அப்புறம் தன் கைகளைப் பார்த்தார்.

"நான் தொடலியே டிப்ளமா," என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது.

பின்னால் அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் கிளாம்பைத் தளர்த்தி, ஒரு கம்பியை மேலே தூக்கி, மற்ற விளக்கை அணைத்தேன். பிறகு கேமராவை அவர் கைக்கு எட்டாத பக்கமாகப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.